அதே கிரில் சிக்கன், நாலு விதமான பில்: ஏரியா பார்பிக்யூ கடையில் நீங்க கட்டுற காசு எங்கே போகுது?



ஜிஎஸ்டி பத்தி நம்ம சேனல்ல எந்த வீடியோ போட்டாலும், கீழே கமெண்ட்ல ஒரு கேள்வி தவறாம வந்துடும். "எங்க தெருவுல இருக்கிற பார்பிக்யூ கடையில ஜிஎஸ்டி போடுறாங்க, அடுத்த தெருக் கடையில போடுறதில்லை. இதுல யாரு ஏமாத்துறாங்க?"

பதில்: ரெண்டு பேருமே சரியா இருக்கலாம். ரெண்டு பேருமே தப்பா இருக்கவும் வாய்ப்பு இருக்கு. கடையோட கூட்டத்தையோ ஏசியையோ வச்சு இதைக் கண்டுபிடிக்க முடியாது. பில்லை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.

நம்மில் பெரும்பாலானவங்க பில் வந்ததும் கடைசி வரியை மட்டும் பார்க்கிறோம். க்யூஆர் கோடை ஸ்கேன் பண்றோம், கிளம்பிடுறோம். அந்தக் கடைசித் தொகைக்குள்ள மூணு பேரோட காசு இருக்கு: கடைக்காரருக்குச் சேர வேண்டியது, அரசாங்கத்துக்குச் சேர வேண்டியது, நீங்க விருப்பப்பட்டா மட்டும் கொடுக்க வேண்டியது. இந்த மூணையும் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சா போதும். கடைக்காரரை வீணா சந்தேகப்படவும் மாட்டீங்க, கட்டத் தேவையில்லாததைக் கட்டவும் மாட்டீங்க.

முன்கூட்டியே ஒண்ணு சொல்லிடுறேன். "கிரில் சிக்கனை விட்டுட்டு அந்தக் காசை எஸ்ஐபியில போடுங்க"ன்னு அறிவுரை சொல்ற கட்டுரை இது இல்லை. நல்லா சாப்பிடுங்க. கணக்கு தெரிஞ்சு சாப்பிடுங்க.

முதல்ல ஒரு பில்

நாலு பேர் போய் சாப்பிட்டதா வச்சுக்குவோம். கீழே இருக்கிற விலை எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க ஏரியாவுல கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

அல்ஃபாம் ஃபுல் 1: ரூ. 520
கிரில் சிக்கன் ஃபுல் 1: ரூ. 440
குபூஸ் 6 (15 வீதம்): ரூ. 90
எக்ஸ்ட்ரா மயோனைஸ் 2 (20 வீதம்): ரூ. 40
லைம் ஜூஸ் 3 (40 வீதம்): ரூ. 120
தண்ணி பாட்டில் 2 (25 வீதம்): ரூ. 50
சாப்பாட்டு மொத்தம்: ரூ. 1,260
சர்வீஸ் சார்ஜ் 10%: ரூ. 126
சிஜிஎஸ்டி 2.5%: ரூ. 34.65
எஸ்ஜிஎஸ்டி 2.5%: ரூ. 34.65
கட்ட வேண்டியது: ரூ. 1,455

இப்போ ஒவ்வொரு வரியா இறங்கிப் பார்ப்போம்.

சாப்பாட்டு விலை: 1,260

இது கடைக்காரரோட காசு. கோழி, கரி, கேஸ், வாடகை, மாஸ்டர் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் இதுல இருந்துதான் போகணும். விலையை நிர்ணயிக்கிறது அவரோட உரிமை. பிடிக்கலைன்னா வேற கடைக்குப் போறது நம்ம உரிமை.

இந்தப் பகுதியில நீங்க பார்க்க வேண்டியது ரெண்டே விஷயம்.

ஒண்ணு, நீங்க கேட்காத ஐட்டம் ஏதாவது இருக்கா? ஃபுல் கிரில் வாங்கினா இத்தனை குபூஸ், ஒரு கிண்ணம் மயோனைஸ் அதோடயே வரும்ங்கிறது பல கடைகள்ல வழக்கம். ஆனா "எக்ஸ்ட்ரா"ன்னு எதுல இருந்து ஆரம்பிக்குதுன்னு கடைக்குக் கடை மாறும். ஆர்டர் கொடுக்கும்போதே "இதோட எத்தனை குபூஸ் வரும்ணே?"ன்னு கேட்டுட்டா, பில் வந்த பிறகு வாக்குவாதமே இருக்காது.

ரெண்டு, தண்ணி பாட்டில். பாட்டில்ல 20 ரூபாய்னு எம்ஆர்பி போட்டிருக்கு, பில்லுல 25. இது சட்டவிரோதம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஹோட்டலும் ரெஸ்டாரண்டும் பாட்டில் தண்ணியை எம்ஆர்பியை விட அதிக விலைக்குக் கொடுக்கலாம்னு 2017 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. அங்கே நீங்க வாங்குறது வெறும் பாட்டில் இல்லை, உட்கார்ற இடமும் பரிமாறுற சேவையும் சேர்ந்ததுங்கிறதுதான் அதுக்கான காரணம். அதனால இதுக்காகச் சண்டை போடாதீங்க. ஜக்குல வைக்கிற தண்ணி போதும்னா, பாட்டிலை மேஜையில வைக்கும்போதே வேண்டாம்னு சொல்லிடுங்க.

சர்வீஸ் சார்ஜ்: 126

நம்ம மாதிரி சம்பளக்காரங்க அதிகமா குழம்புற இடம் இதுதான். காரணம் அந்தப் பேர். 2017 ஜூலை 1-க்கு முன்னாடி "சர்வீஸ் டாக்ஸ்"னு ஒண்ணு இருந்தது. அது உண்மையான வரி, மத்திய அரசுக்குப் போச்சு. ஜிஎஸ்டி வந்த அன்னிக்கே அது போயிடுச்சு. "சர்வீஸ் சார்ஜ்" வரி இல்லை. அதுல ஒரு பைசா கூட வரியா அரசாங்கத்துக்குப் போறதில்லை. கடை தனக்காக வசூலிக்கிற தொகை அது, ஒருவிதமான டிப்ஸ்.

இதைப் பத்தி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அதுல இருக்கிற முக்கியமான விஷயங்கள்:

- பில்லுல சர்வீஸ் சார்ஜைத் தானா சேர்க்கக் கூடாது.
- வேற பேர் வச்சும் வசூலிக்கக் கூடாது.
- கட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. இது விருப்பத்தின் பேரில் கொடுக்கிறதுன்னு வாடிக்கையாளருக்குத் தெளிவா சொல்லணும்.
- கட்ட மாட்டேன்னு சொல்றவங்களை உள்ளே விடாம இருக்கக் கூடாது.
- சாப்பாட்டு பில்லோட இதைச் சேர்த்து, அந்த மொத்தத்துக்கு ஜிஎஸ்டி போடக் கூடாது.

ரெஸ்டாரண்ட் சங்கங்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டாங்க. 2025 மார்ச் 28-ல டெல்லி உயர் நீதிமன்றம் இந்த நெறிமுறை செல்லும்னு தீர்ப்பு கொடுத்தது. கட்டாய வசூல்தான் கூடாது, வாடிக்கையாளர் மனசார கொடுக்கிற டிப்ஸுக்குத் தடை இல்லைன்னும் தெளிவாக்கியது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்காங்க.

நம்ம பில்லுல கடைசி விதியும் மீறப்பட்டிருக்கு, கவனிச்சீங்களா? 1,260 கூட 126 சேர்த்து, 1,386-க்கு வரி போட்டிருக்காங்க. சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டா கணக்கு இப்படி மாறும்: 1,260-க்கு 5% வரி 63 ரூபாய். மொத்தம் 1,323. வித்தியாசம் 132 ரூபாய்.

எப்படிக் கேட்கிறது? குரலை உயர்த்தவே வேண்டாம். கல்லாவுல இருக்கிறவர்கிட்ட போய், "அண்ணே, சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு பில்லை மாத்திக் கொடுங்க"ன்னு சொன்னா போதும். "இது எல்லாருக்கும் போடுறதுதான் தம்பி"ன்னு சொன்னா, "இல்லைண்ணே, விருப்பப்பட்டாதான் கொடுக்கணும்னு ரூல் இருக்கு. டிப்ஸ் நான் தனியா கொடுத்துக்கிறேன்"ன்னு சொல்லுங்க. பெரும்பாலும் அங்கேயே முடிஞ்சுடும். முடியலைன்னா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க.

இன்னொண்ணும் சொல்லணும். சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்ன நாம, பரிமாறின தம்பிக்கு ஒண்ணுமே கொடுக்காம வந்துடக் கூடாது. சின்னக் கடையில ஒருத்தரே நாலு மேஜை பார்க்கிறார், தட்டையும் எடுக்கிறார். மாஸ்டர் மணிக்கணக்கா கரி அனல்ல நிக்கிறார். உங்களால முடிஞ்சதை அவங்க கையில கொடுங்க. பில் வழியா போற காசு அவங்க கைக்குப் போய்ச் சேருதான்னு உங்களால பார்க்க முடியாது. கையில கொடுக்கிறது சேர்ந்துடும்.

ஜிஎஸ்டி: நாலு வகைக் கடைகள்

இப்போ நம்ம முதல் கேள்விக்கு வருவோம். ஒரு கடையில ஜிஎஸ்டி இருக்கு, இன்னொண்ணுல இல்லை. ஏன்?

முதல் வகை: பதிவு செய்யாத சின்னக் கடை. ரெஸ்டாரண்ட் நடத்துறது ஜிஎஸ்டியில சேவைக் கணக்குல வருது. தமிழ்நாட்டுல சேவைக்கு வருட விற்பனை 20 லட்சம் தாண்டினாதான் பதிவு கட்டாயம். அதுக்குக் கீழே இருக்கிற கடை பதிவு பண்ணத் தேவையில்லை. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. அதனால ஜிஎஸ்டி போடாத சின்னக் கடைக்காரரைத் திருடன் மாதிரி பார்க்காதீங்க. சட்டமே அவருக்கு அப்படித்தான் சொல்லுது.

20 லட்சம்னா பெருசா தெரியும். 365-ஆல வகுத்துப் பாருங்க. ஒரு நாளைக்கு சுமார் 5,480 ரூபாய். 440 ரூபாய் ஃபுல் கிரில் தினமும் 13 வித்தாலே வருஷத்துல 20 லட்சம் தாண்டிடும். அதோட ஒருத்தர் ஒரே பான் எண்ல ரெண்டு கடை வச்சிருந்தா, ரெண்டு விற்பனையும் சேர்த்துத்தான் கணக்கு.

இரண்டாவது வகை: காம்போசிஷன் கடை. வருட விற்பனை 1.5 கோடி வரைக்கும் இருக்கிற, மது பரிமாறாத ரெஸ்டாரண்ட் இந்தத் திட்டத்தை எடுத்துக்கலாம். இவங்க விற்பனையில 5 சதவீதத்தைத் தங்க கையிலிருந்து கட்டணும். வாடிக்கையாளர்கிட்ட தனியா வரி கேட்கவே கூடாது. இவங்க கொடுக்கிறது வரி பில் இல்லை, "பில் ஆஃப் சப்ளை". தான் காம்போசிஷன்ல இருக்கிறவர், வரி வசூலிக்கத் தகுதி இல்லாதவர்ங்கிற அறிவிப்பு பில்லோட மேல் பகுதியிலயும், காம்போசிஷன் கடைங்கிறது போர்டுலயும் இருக்கணும். இந்தக் கடையில 440 ரூபாய் கிரில்னா நீங்க கட்டுறது 440 மட்டும்தான். அதுல இருந்து 22 ரூபாயை அவர் கட்டுவார்.

மூணாவது வகை: ரெகுலர் பதிவு உள்ள கடை. இவங்க 2.5% சிஜிஎஸ்டி, 2.5% எஸ்ஜிஎஸ்டி, மொத்தம் 5% வசூலிச்சு அரசாங்கத்துக்குக் கட்டணும். உட்கார்ந்து சாப்பிட்டாலும் பார்சல் வாங்கினாலும் அதே 5%தான்.

"ஏசி ஹால்ல உட்கார்ந்தா 18% வரும்"னு இன்னமும் சிலர் சொல்றாங்க. ஜிஎஸ்டி வந்த முதல் சில மாசம் ஏசிக்கு 18%, ஏசி இல்லாத இடத்துக்கு 12%னு இருந்தது உண்மை. 2017 நவம்பர் 15-லயே அது போயிடுச்சு. தனியா இயங்குற ரெஸ்டாரண்டுக்கு ஏசி இருந்தாலும் இல்லைன்னாலும் 5%.

நாலாவது வகை: பெரிய ஸ்டார் ஹோட்டலுக்குள்ள இருக்கிற பார்பிக்யூ ரெஸ்டாரண்ட். ஒரு நாள் ரூம் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல இருக்கிற ஹோட்டல் வளாகத்துல இருக்கிற ரெஸ்டாரண்டுக்கு 18%. உங்க தெருமுனைக் கடை 18% போட்டா, அது எங்கேயோ உதைக்குதுன்னு அர்த்தம்.

இங்கே கடைக்காரர் பக்கத்தையும் ஒரு நிமிஷம் பாருங்க. 5% வசூலிக்கிற ரெஸ்டாரண்டுக்கு உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. அதாவது, அவர் கமர்ஷியல் சிலிண்டர் வாங்கும்போது கட்டுற 18% ஜிஎஸ்டியை நம்மகிட்ட வாங்கின 5%ல கழிச்சுக்க முடியாது. அது அவருக்குச் செலவாவே நின்னுடும். பச்சைக் கோழிக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனா வாடகை, மெஷின், ஆப் கமிஷன்னு மத்ததுக்கெல்லாம் வரி கட்டித்தான் வாங்குறார். மெனு விலைக்குள்ள இந்த வரியும் ஒளிஞ்சிருக்கு.

ஒரு நிமிஷத்துல சரிபார்க்கிறது எப்படி?

பில்லுல ஜிஎஸ்டி வரி போட்டிருந்தா, ஜிஎஸ்டி எண்ணும் இருக்கணும். 15 இலக்கம். தமிழ்நாட்டுக் கடைன்னா முதல் ரெண்டு இலக்கம் 33. அடுத்த பத்தும் கடைக்காரரோட பான் எண்.

மொபைல்ல ஜிஎஸ்டி இணையதளத்துக்குப் போங்க. லாகின் தேவையில்லை. "சர்ச் டாக்ஸ்பேயர்" பகுதியில அந்த எண்ணைப் போட்டா, கடை பேர், பதிவு நிலை, எந்த வகைன்னு எல்லாம் வந்துடும். மூணு பதில்தான் முக்கியம்.

"ஆக்டிவ், ரெகுலர்"னு வந்தா 5% கட்டுங்க. அது முறையான வரி.

"காம்போசிஷன்"னு வந்தா, தனியா வரி போட்டது தப்பு. அந்த வரியை எடுக்கச் சொல்லுங்க.

"கேன்சல்டு"ன்னு வந்தாலோ, எண்ணே இல்லாம துண்டுச் சீட்டுல "ஜிஎஸ்டி 5%"னு எழுதியிருந்தாலோ, உங்க காசு அரசாங்கத்துக்குப் போகும்னு எந்த உறுதியும் இல்லை. வரி இல்லாம பில் கேளுங்க. மறுத்தா அதே 1915. வரின்னு சொல்லி வாங்கிட்டு, கட்ட வேண்டிய நாள்ல இருந்து மூணு மாசத்துக்கு மேல கட்டாம வச்சுக்கிட்டா, 10,000 ரூபாய் இல்லைன்னா அந்த வரித் தொகை, ரெண்டுல எது அதிகமோ அதை அபராதமா கட்டணும்னு ஜிஎஸ்டி சட்டத்துல இருக்கு. விளையாட்டு விஷயம் இல்லை.

"63 ரூபாய்க்கு இவ்வளவு பார்க்கணுமா?"ன்னு தோணலாம். உங்க மேஜைக்கு 63. அந்தக் கடையில ஒரு நாளைக்கு நாற்பது மேஜை ஓடினா 2,520. மாசத்துக்கு 75,600. இந்தக் காசு கஜானாவுக்குப் போகாம கல்லாவுலயே நின்னா, நஷ்டம் நமக்கும் சேர்த்துத்தான். பக்கத்துல ஒழுங்கா வரி கட்டிக் கடை நடத்துறவருக்கு அது இன்னும் பெரிய நஷ்டம்.

200 ரூபாய்க்குக் கீழே வாங்கினா கடைக்காரர் தனி வரி பில் கொடுக்கணும்னு கட்டாயம் இல்லை. ஆனா நீங்க கேட்டா கொடுக்கணும். அப்படியே பில்லுல 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கான்னும் பார்த்துக்கோங்க. வயித்துக்கு நல்லது.

அதே சிக்கன் ஆப்ல வந்தா?

இப்போ ஒரு விநோதம். உங்க தெருக் கடை பதிவு செய்யாத கடை. நேர்ல போனா ஜிஎஸ்டி இல்லை. அதே கடையில இருந்து ஸ்விக்கி, ஸொமேட்டோ மூலமா வாங்கினா 5% ஜிஎஸ்டி வருது. கடைக்காரரா ஏமாத்துறார்? இல்லை. 2022 ஜனவரி 1-ல இருந்து, ஆப் வழியா போற ரெஸ்டாரண்ட் ஆர்டருக்கு வரி வசூலிச்சுக் கட்ட வேண்டிய பொறுப்பு ஆப் நிறுவனத்தோடது. கடை பதிவு செஞ்சிருக்கோ இல்லையோ, வரி வரும்.

மறுபடியும் ஒரு உதாரணக் கணக்கு. ஆப் கமிஷனைச் சமாளிக்க அங்கே விலையைக் கொஞ்சம் ஏத்தி வைக்கிறது பல கடைகள்ல நடக்கிறதுதான். அதனால ஆப்ல கிரில் விலை 520னு வச்சுக்குவோம்.

கிரில் சிக்கன் ஃபுல்: ரூ. 520
பேக்கிங்: ரூ. 20
இந்த 540-க்கு 5% ஜிஎஸ்டி: ரூ. 27
டெலிவரி கட்டணம்: ரூ. 40
பிளாட்ஃபார்ம் கட்டணம்: ரூ. 10
இந்த 50-க்கு 18% ஜிஎஸ்டி: ரூ. 9
மொத்தம்: ரூ. 626

நீங்களே நடந்து போய் பார்சல் வாங்கினா 440, பார்சல் டப்பாவுக்கு 10, மொத்தம் 450. வித்தியாசம் 176 ரூபாய். வாரத்துக்கு ரெண்டு தடவைன்னா மாசம் 1,408. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 16,900 ரூபாய்.

100 ரூபாய் கூப்பன் போட்டாலும் சுமார் 520 வருது. "100 ரூபாய் மிச்சம்"னு ஆப் பச்சைக் கலர்ல காட்டும். உண்மையில நேர்ல வாங்குறதை விட 70 ரூபாய் அதிகம் கட்டியிருக்கீங்க.

மழையில, உடம்பு முடியாதப்போ, நைட் ஷிப்ட்ல ஆப் ஒரு வரம். அதுக்கான காசை மனசாரக் கொடுங்க. ஆனா கடை அஞ்சு நிமிஷ நடை தூரத்துல இருக்கும்போது சோபாவுல உட்கார்ந்து ஆர்டர் போடுறது, சாப்பாட்டுக்கான செலவு இல்லை, சோபாவுக்கான வாடகை. அதோட நீங்க அதிகமா கொடுக்கிற அந்த 176-ல கடைக்காரர் கைக்குப் போறது ரொம்பக் கம்மி.

"699++"ன்னா என்ன?

சில ஏரியாக்கள்ல மேஜையிலயே கரி அடுப்பு வச்சு, தலைக்கு இவ்வளவுன்னு பஃபே நடத்துற சின்ன இடங்கள் வந்திருக்கு. போர்டுல "699++". அந்த ரெண்டு பிளஸ்ல ஒண்ணு வரி, இன்னொண்ணு பெரும்பாலும் சர்வீஸ் சார்ஜ்.

ஆறு பேர் போனா, 10% சர்வீஸ் சார்ஜும் அதுக்கு மேல 5% வரியும் சேர்த்து 4,844 ரூபாய். சர்வீஸ் சார்ஜ் இல்லாம 4,404. வித்தியாசம் 440. நம்ம ஏரியா கடையில ஒரு ஃபுல் கிரில்! அதனால போன்ல புக் பண்ணும்போதே, "எல்லாம் சேர்த்து தலைக்கு எவ்வளவு வரும்?"னு கேளுங்க. வார நாள் விலை, வார இறுதி விலை வேற வேறயா இருக்கும், அதையும் சேர்த்துக் கேளுங்க. ஆபர் போட்டுக் கழிவு கொடுத்தா, கழிவு போன பிறகு இருக்கிற தொகைக்குத்தான் வரி போட்டிருக்கான்னு பாருங்க.

இன்னொண்ணு. "கொடுத்த காசுக்கு வசூல் பண்ணணும்"னு மூச்சு முட்ட சாப்பிடாதீங்க. 699 கொடுத்தாச்சு. பத்தாவது சீக் கபாப் சாப்பிட்டாலும் அந்தக் காசு திரும்ப வராது. மறுநாள் ஜெலுசில் செலவு வேணா கூடும்.

யாரு எவ்வளவு கொடுக்கிறது?

பில்லை விடப் பெரிய சங்கடம் இங்கேதான். நாலு பேர்ல ஒருத்தர் கையில வாங்குறது 80,000. இன்னொருத்தர் இப்போதான் சேர்ந்த பையன், 22,000. சர்வீஸ் சார்ஜ் எடுத்த 1,323-ஐ நாலா வகுத்தா தலைக்கு 331. அந்தப் பையன் சாப்பிட்டது கிரில்ல கால் பங்கு, ரெண்டு குபூஸ். அதோட மதிப்பு 140, வரியோட 147. மத்தவங்க சாப்பிட்டதுக்காக அவன் கொடுக்கிறது 184. வாரம் ஒரு தடவைன்னா மாசம் 736. அவன் சம்பளத்துல 3 சதவீதத்துக்கு மேல. வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டான். கொஞ்ச நாள்ல "வேலை இருக்குடா"ன்னு வர்றதை நிறுத்திடுவான்.

நீங்க அதிகம் சம்பாதிக்கிறவர்னா, நீங்களே முதல்ல சொல்லுங்க: "அவங்கவங்க சாப்பிட்டதுக்கு அவங்கவங்க கொடுத்துடலாம்டா." நீங்க சொன்னா அது சாதாரணப் பேச்சு. அவன் சொன்னா கஞ்சத்தனமா தெரியும். நீங்க குறைவா சம்பாதிக்கிறவர்னா, ஆர்டர் கொடுக்கும்போதே "எனக்கு ஒரு குவார்ட்டர் போதும், என்னுது நான் தனியா கொடுத்துடுறேன்"ன்னு சொல்லிடுங்க. பில் வந்த பிறகு சொல்றதை விட இது ரொம்ப ஈஸி.

அடுத்து, "நான் கார்டுல கட்டிடுறேன், எல்லாரும் எனக்கு ஜிபே பண்ணிடுங்க"ன்னு ரிவார்டு பாயிண்டுக்காக முன்வர்ற நண்பர். ஆறு பேர் பஃபே, 4,404 கார்டுல போயாச்சு. அஞ்சு பேர் 734 வீதம் அனுப்பிய 3,670 சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு வந்தாச்சு. பேலன்ஸ் பார்த்தா சந்தோஷமா இருக்கும். ஆனா அது உங்க காசு இல்லை, கார்டு கம்பெனிக்குப் போக வேண்டிய காசு. அதுல செலவு பண்ணிட்டு, பில் தேதியில முழுசா கட்ட முடியாம குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினா, பல கார்டுகள்ல மாசம் 3 முதல் 4 சதவீதம் வட்டி. அந்த வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி. அதோட புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் போயிடும். கிடைச்ச பாயிண்ட் எந்த மூலைக்கு? நண்பர்கள் அனுப்பின அன்னிக்கே அந்த 3,670-ஐக் கார்டுக்குக் கட்டிடுங்க. அப்போதான் பாயிண்ட் லாபம்.

எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி

1. கேட்காத ஐட்டம் இருக்கான்னு பாருங்க.
2. சர்வீஸ் சார்ஜ் இருந்தா, வேண்டாம்னா எடுக்கச் சொல்லுங்க. டிப்ஸைக் கையில கொடுங்க.
3. வரி போட்டிருந்தா ஜிஎஸ்டி எண் இருக்கான்னு பாருங்க. புதுக் கடைன்னா ஒரு தடவை இணையதளத்துல தேடிப் பாருங்க. ஒரே தடவை போதும்.
4. வரி விகிதம் 5%தானா? சாப்பாட்டு விலைக்கு மட்டும்தான் போட்டிருக்காங்களா?
5. மெனுவுல "வரி உட்பட"ன்னு இருந்தா, மேல வரி போட்டிருக்கக் கூடாது. 440-ல வரி எவ்வளவுன்னு தெரியணுமா? 440-ஐ 5-ஆல பெருக்கி 105-ஆல வகுங்க: 20.95.

எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷ வேலை. எல்லாம் சரியா இருந்தா, மறுபேச்சு இல்லாம முழுசா கட்டுங்க. ஒழுங்கா பில் கொடுக்கிற சின்னக் கடைக்கு நாம செய்யக்கூடிய பெரிய உதவி, அடுத்த தடவையும் நேர்ல போய் அங்கேயே சாப்பிடுறதுதான்.

ஜிஎஸ்டி எண்ணைத் தேடிப் பார்க்கிறது எப்படின்னு ஸ்கிரீன்ல காட்டுற வீடியோவை சேனல்ல பாருங்க. உங்க ஏரியா கடை பில்லுல புரியாத வரி ஏதாவது இருந்தா, கடை பேரை மறைச்சுட்டு கமெண்ட்ல போடுங்க. சேர்ந்து கணக்குப் பார்ப்போம்.